கட்டில் வாடகைக்குள் அடங்கிய சம்பளம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் தில்லி மருத்துவமனைகளின் கட்டண முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி கட்டணத்தை விட்டுவிட்டுச் செவிலியர் சம்பளத்தையே பிடித்துக்கொண்டதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். புதிய வாசகர்களுக்கு ஒரு தகவல்: நான் மருத்துவனோ வழக்கறிஞனோ அல்லன், இந்நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே என் பதில்களில் ரூபாய்க் கணக்கின் வாடை சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

கேள்வி: ஐயா, என் மகள் நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு, தெற்குத் தில்லியில் 120 கட்டில்கள் உள்ள ஒரு மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். பிடித்தம் போகக் கைக்கு வருவது 19,500 ரூபாய். சம்பள உயர்வு கேட்டபோது பணமில்லை என்றார்கள். அடுத்த மாதமே புதிய எம்.ஆர்.ஐ. கருவிக்குப் பூஜை போட்டார்கள். இவ்வளவு குறைவாகக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா? – ஒரு தாய், முனீர்கா

பதில்: அம்மா, நேரான விடை உங்களுக்குக் கசக்கும். இவ்வளவுதான் கொடுக்க வேண்டும் என்று குழு சொல்லியிருக்கிறது, நீதிமன்றம் பேசியிருக்கிறது, அரசு ஆணையும் போட்டிருக்கிறது. ஆனால் நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டமாக அது இன்னும் ஆகவில்லை.

பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், தனியார் மருத்துவமனைகளின் செவிலியர் நிலையை ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழு கட்டில் எண்ணிக்கையை வைத்துப் படிகளை வகுத்தது. 200 கட்டிலுக்கு மேற்பட்ட மருத்துவமனை, அந்த மாநில அரசு தன் செவிலியருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும்; 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது; 50க்கு மேல் என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது; 50க்கும் குறைந்த சிறிய மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் கீழே போகவே கூடாது. ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசின் நர்சிங் அதிகாரிக்கு (அரசில் ஸ்டாஃப் நர்ஸுக்கு வைத்த பெயர் அது) தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய்; அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, நர்சிங் படி எல்லாம் அதற்கு மேல். தில்லி அரசும் இதே ஊதிய விகிதத்தைத்தான் பின்பற்றுகிறது. உங்கள் மகள் வேலை பார்க்கும் 120 கட்டில் மருத்துவமனை குழுவின் சொல்லைக் கேட்டிருந்தால், அடிப்படைச் சம்பளம் மட்டுமே 40,410 ரூபாய்க்குக் குறைந்திருக்காது.

தில்லி அரசின் சுகாதாரப் பணிகள் இயக்ககம் 2018 ஜூன் 25 அன்று, இந்தப் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தாவிட்டால் பதிவு ரத்தாகும் என்று தனியார் மருத்துவமனைகளுக்கு ஆணை அனுப்பியது. நிர்வாகங்கள் உயர் நீதிமன்றம் சென்றன. 2019 ஜூலையில் தனி நீதிபதி அவர்களுடைய மனுவைத் தள்ளுபடி செய்தார். வழக்கு அதோடு முடியவும் இல்லை. கேரளம் வேறு வழியில் போயிற்று. அங்கே செவிலியர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 2018 ஏப்ரலில் மாநில அரசு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழேயே அறிவிக்கை வெளியிட்டு, 20,000 ரூபாயில் தொடங்கிப் பெரிய மருத்துவமனைகளில் 30,000 வரை நிர்ணயித்தது. பரிந்துரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும், ஊதியச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வேறுபாடு தொழிலாளர் ஆய்வாளர் வாசலில் வந்து நிற்கும்போது தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழு சொன்ன 20,000 என்பது 2016ஆம் ஆண்டின் ரூபாய். 2024 அக்டோபரில் தில்லியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம், எந்தத் தனித் திறனும் தேவைப்படாத வேலைக்கு 18,066, திறன் பெற்ற தொழிலாளிக்கு 21,917 ரூபாய். நான்காண்டுப் பட்டப்படிப்பும் பதிவுச் சான்றும் உடைய ஒரு பெண்ணுக்குத் தரையாக வைத்த தொகை, இன்று திறன் பெற்ற தொழிலாளியின் தரைக்கும் கீழே போய்விட்டது.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை: சம்பளச் சீட்டை மாதாமாதம் எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மொத்தச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம், பிடித்தம் காட்டியிருந்தால் அது உரிய கணக்கில் செலுத்தப்பட்டிருக்கிறதா என்று அவளே பார்க்கலாம். மூலச் சான்றிதழ்களை மருத்துவமனையின் அலமாரியில் வைக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். காட்டிவிட்டு நகலைக் கொடுத்தால் போதும். சான்றிதழ் எவர் பீரோவில் இருக்கிறதோ அவரிடம் சம்பளப் பேச்சு எடுபடாது.

கேள்வி: என் தகப்பனார் ஐந்து நாள் வார்டில் இருந்தார். பில்லில் அறை வாடகை தனி, ‘நர்சிங் சார்ஜ்’ என்று நாளுக்கு 900 ரூபாய் தனி. இந்தத் தொகை அந்தச் சிஸ்டர்களுக்குப் போய்ச் சேருகிறதா? – வாசகர், துவாரகா

பதில்: இல்லை. அது மருத்துவமனையின் வருமானத்தில் ஒரு தலைப்பு, அவ்வளவே. அந்தப் பெயரில் வசூலாகும் தொகைக்கும் செவிலியருக்குச் செலவாகும் தொகைக்கும் இடையே எந்தக் கயிறும் கட்டப்படவில்லை. எனினும் உங்கள் பில்லை வைத்தே ஒரு கணக்குப் போடலாம்.

ஆறு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது பொது வார்டுகளில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஓர் இடத்தில் இரவும் பகலும் ஒருவர் இருந்துகொண்டே இருக்க வேண்டுமானால், நாளுக்கு மூன்று ஷிஃப்ட் வீதம் ஆண்டுக்கு 1,095 ஷிஃப்ட் ஆகிறது. வார விடுமுறை 52 நாளும், பிற விடுப்புகள் ஏறத்தாழ 40 நாளும் கழித்தால் ஒருவர் ஆண்டில் 273 நாள் வேலைக்கு வருவார். ஆக, ஓர் இடத்தை நிரப்ப நான்கு பேர் வேண்டும். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேரும் பையன்கள் இந்த நான்கைக் கேட்டதும் திகைப்பார்கள். மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர் என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். பல மருத்துவமனைகளின் ரோஸ்டரும் அப்படி நினைத்தே போடப்படுவதால்தான் சிஸ்டர்கள் விடுப்புக் கேட்கும்போதெல்லாம் சண்டை வருகிறது.

ஆறு கட்டிலில் முக்கால்வாசி நிரம்பியிருப்பதாகக் கொண்டால், மாதத்துக்கு 135 நோயாளி நாட்கள். நாளுக்கு 900 வீதம் வசூல் 1,21,500 ரூபாய். நான்கு செவிலியருக்குத் தலைக்கு 20,000 என்றால் 80,000. மீதி 41,500. இந்த மீதி முழுவதும் லாபம் என்று சொன்னால் நான் நேர்மை தவறியவனாவேன், பி.எஃப்., மேற்பார்வைச் செவிலியர், நோய்த்தொற்றுத் தடுப்புச் செவிலியர், சீருடை, விடுதி என்று அதில் பங்கு கேட்பவை உண்டு. ஆனாலும், செவிலியர் பெயரைச் சொல்லி வாங்கும் பணத்திலேயே செவிலியருக்கு இன்னும் கொடுக்க இடமிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இதில் காப்பீட்டுக்கும் பங்கு உண்டு. 2020 ஏப்ரலிலிருந்து எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டிய ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பொதுக் காப்பீட்டுத் திட்டத்தின் வாசகத்தை எடுத்துப் பாருங்கள். அறை வாடகை, உணவு, செவிலியர் பணி இவை மூன்றும் ஒரே வரியில் சேர்க்கப்பட்டு, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய் என்று அந்த வரிக்கு வரம்பு கட்டப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சை மருத்துவரின் உழைப்பு சிகிச்சை; மயக்க மருந்து கொடுப்பவரின் உழைப்பு சிகிச்சை; ஐந்து நாளும் உங்கள் தகப்பனாரைத் திருப்பிப் படுக்கவைத்து, சொட்டு மருந்தைச் சரிபார்த்து, விடியற்காலையில் ரத்த அழுத்தம் இறங்கியதை முதலில் கண்ட பெண்ணின் உழைப்பு மெத்தை, சாப்பாட்டோடு சேர்ந்த வாடகை. சம்பளம் குறைவாக இருப்பதற்கு நான் அறிந்த காரணங்களில் முதலாவது இதுதான். சிகிச்சையின் விலையை ஏற்ற ஆயிரம் வழி இருக்கிறது. வாடகைச் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று மட்டுமே நிர்வாகம் யோசிக்கும்.

கேள்வி: செவிலியருக்கு உயர்த்திக் கொடுத்தால் அதையும் நோயாளி தலையில்தானே கட்டுவார்கள்? எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு மருத்துவச் செலவு ஏற்கெனவே கழுத்தை நெரிக்கிறது. – வாசகர், கரோல் பாக்

பதில்: நியாயமான அச்சம். மேலே போட்ட கணக்கையே நீட்டுகிறேன். நான்கு பேருக்கும் தலைக்கு 15,000 உயர்த்தினால் மாதம் 60,000 ரூபாய். அதை 135 நோயாளி நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்கு 444 ரூபாய். ஏற்கெனவே வசூலாகும் நர்சிங் கட்டணத்தின் மிச்சம் அதில் ஒரு பகுதியைத் தாங்கும். வென்டிலேட்டர் ஐ.சி.யூ.வில் கதை வேறு. அங்கே ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதால், கட்டில் அங்கேயும் முக்கால்வாசி நாட்களே நிரம்பியிருப்பதாகக் கொண்டால், அதே உயர்வு நோயாளிக்கு நாளொன்றுக்கு 2,667 ரூபாய் ஆகிறது. அது சிறிய தொகை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த 2,667ஐ எதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பது முக்கியம். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. மொத்த பில்லில் ஏறத்தாழ 46 சதவீதம் மருந்து, உபகரணம், பரிசோதனை ஆகியவற்றுக்கே போயிருந்தது. சில பொருள்களில் லாப விகிதம் 1,737 சதவீதம் வரை இருந்தது. ஊசிக் குழலும் கையுறையும் இந்த விகிதத்தில் விற்கும் ஒரு கட்டடத்துக்குள், செவிலியருக்குக் கொடுத்தால் நோயாளி தாங்கமாட்டார் என்ற கரிசனம் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே படுகிறது. மருந்து பூசிய இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தபோதும் மருத்துவமனைகளே மூடிவிடும் என்பதுபோலப் பேசினார்கள். ஒன்றும் மூடவில்லை.

என் பங்குக்கு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பணியாற்றிய இடத்தில் செலவுக் கோரிக்கைப் படிவம் ஒன்று இருந்தது. அதை வடிவமைத்தவன் நானே. ஒன்பதாவது கட்டம், ‘போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும்?’ என்பது. ஸ்கேன் கருவி கேட்டு வரும் மருத்துவர் அந்தக் கட்டத்தில் ‘34’ என்று எழுதுவார்; கையெழுத்தாகிவிடும். நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் அம்மையார் ஐ.சி.யூ.வுக்கு ஆறு பேர் கூடுதலாகக் கேட்டு அதே படிவத்தைக் கொண்டுவந்தபோது ஒன்பதாவது கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். ‘இதை நிரப்பிக் கொடுங்கள், அம்மா’ என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் அதில் சிறு கோடு ஒன்று இழுத்துக் கொண்டுவந்தார். கூட்டத்தில் அந்தக் கோட்டைப் பார்த்த நிர்வாக இயக்குநர் தாளை ஓரமாக வைத்தார். படுக்கைப் புண் வராததால் மிச்சமான பணம், வேலையை விட்டுப் போகும் செவிலியருக்குப் பதிலாக ஆள் எடுத்து மூன்று மாதம் பழக்கும் செலவு, தவறான மருந்தினால் நீண்ட நாட்கள் தங்க நேர்ந்த நோயாளியின் செலவு, இவையெல்லாம் என் பேரேடுகளிலேயே வேறு வேறு தலைப்பில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் திரட்டி அந்தக் கட்டத்தை நானே நிரப்பியிருக்கலாம். அது என் வேலையில்லை என்று அப்போது நினைத்தேன்.

கேள்வி: அப்படியானால் எம்.ஆர்.ஐ.யே வேண்டாம் என்கிறீர்களா? – வாசகர், மயூர் விஹார்

பதில்: வேண்டும். கூடவே, அதன் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் பேரம் பேசாமல் கட்டும் பணத்தைப் போலச் சம்பள உயர்வும் வரவு செலவுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

கேள்வி: நான் ஓக்லா பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். இரவு டூட்டியில் 28 நோயாளிகளுக்கு நாங்கள் இருவர். சம்பளத்தைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏதாவது ஆனால் பழி எங்கள் மேல்தான் விழும். என்ன செய்யலாம்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து லிண்டா எய்க்கனும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலும், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. கலிஃபோர்னியா 2004 முதல் எந்த வார்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்பதைச் சட்டமாகவே நடத்திவருகிறது. இங்கே உங்களுக்குத் தலைக்கு 14 பேர்.

சென்ற குளிர்காலத்தில் என் மனைவி ஒரு மருத்துவமனையில் மூன்று இரவுகள் இருந்தாள். இரண்டாம் இரவு பத்து மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாட்டிக் ஊசி பதினொன்றே முக்காலுக்கு வந்தது. கோபத்தோடு எழுந்த நான் அந்தப் பெண்ணின் இடது உள்ளங்கையைப் பார்த்தேன். பேனாவால் ‘4 – 10.30 சுகர், 7 – 11 நெபு, 9 – யூரின்’ என்று கட்டில் எண்களும் நேரங்களும் எழுதியிருந்தன (நெபு என்பது மூச்சுவழி கொடுக்கும் மருந்து). கைகழுவிக் கைகழுவி ‘7’ பாதி அழிந்திருந்தது. ஏழாம் எண் எங்கள் கட்டிலுக்கு எதிர்க்கட்டில். நான் சொன்ன பிறகுதான் அவர் அங்கே ஓடினார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அதன்பின் பயம்தான் மிஞ்சியது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஷிஃப்ட் மாறும்போது எழுதும் ஹேண்ட் ஓவர் பதிவேட்டில், அன்றைய நோயாளி எண்ணிக்கையையும் பணியில் இருந்தவர் எண்ணிக்கையையும் நாள்தோறும், குறை சொல்லும் தொனி எதுவும் இல்லாமல், எண்களாக மட்டும் எழுதி வையுங்கள். ‘நோயாளி 28, செவிலியர் 2’. எல்லா ஷிஃப்டிலும் எல்லாரும் எழுத வேண்டும். ஒருவர் மட்டும் எழுதினால் அவரைத் தனியாகப் பிடித்துக்கொள்வார்கள். விசாரணை என்று வரும் நாளில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் பதிவேடு. தரச் சான்றிதழ் வழங்க வரும் ஆய்வாளர்களும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

கேள்வி: அரசு மருத்துவமனைகளில் நல்ல சம்பளம் கொடுக்கிறார்களே, அங்கே ஏன் இந்தக் கூட்டமும் தட்டுப்பாடும்? – வாசகி, ஆர்.கே. புரம்

பதில்: நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவருக்குத்தான் அந்த நல்ல சம்பளம். பக்கத்துக் கட்டிலில் அதே ஊசியைப் போடும் ஒப்பந்தச் செவிலியருக்குக் கிடைப்பது வேறு. நம் தமிழ்நாட்டிலேயே 2015இல் போட்டித் தேர்வில் தேறி வந்தவர்களை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தினார்கள். அது பின்னர்ப் படிப்படியாக உயர்ந்தாலும் நிரந்தரச் சம்பளத்துக்கு அருகில் வரவில்லை. தனியாரைக் கண்டிக்க எழும் அரசின் விரல் பாதியிலேயே தயங்குவதற்கு இது ஒரு காரணம். மற்றது பணம். சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை கூறியது. 2021–22இல் அது 1.84 சதவீதம்.

ஆனால் நிபந்தனை விதிக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சலுகை விலையில் நிலம் பெற்ற தில்லியின் தனியார் மருத்துவமனைகள் உள்நோயாளிகளில் 10 சதவீதமும் வெளிநோயாளிகளில் 25 சதவீதமும் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும் என்பதை 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நிலத்தோடு அந்த நிபந்தனையைச் சேர்க்க முடிந்தவர்களுக்குப் பதிவுச் சான்றோடு செவிலியர் எண்ணிக்கையையும் ஊதியத்தையும் சேர்க்க முடியும்.

கேள்வி: மருத்துவமனையில் சேர்க்கும்போது நாங்கள் என்ன கேட்க வேண்டும்? – பல வாசகர்கள்

பதில்: அவசர நிலையில் ஒன்றும் கேட்காதீர்கள், முதலில் உள்ளே போங்கள். நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால், ‘இரவு பத்து மணிக்கு அந்த வார்டில் எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர்?’ என்று கேளுங்கள். என் மனைவிக்கு அடுத்த முறை வேறிடம் பார்த்தபோது நான் இதைத்தான் கேட்டேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் வழவழப்பான விலைப்பட்டியலை முன்னும் பின்னும் புரட்டினார். அறை வகைகளும் ஸ்கேன் தொகுப்புகளும் இருந்தன. ‘இதில் போடவில்லையே, சார்’ என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்து மூன்று இடங்களில் விசாரித்தார். கடைசியில் மாடியிலிருந்து சீருடையோடு ஒரு மூத்த சிஸ்டர் இறங்கி வந்து, ‘நோயாளி பதினெட்டு, நாங்கள் மூன்று பேர். யார் கேட்டது?’ என்று சுற்றிப் பார்த்தார். கையை உயர்த்தினேன். முன்பணம் கட்டும் வரிசை எது என்று அவரே காட்டினார்.